தெருமுனை கிளினிக்கில் அட்ரினலின் இருக்குமா? வீசிங், அலர்ஜி இரண்டும் உள்ள பிள்ளைக்காகக் கேட்கிறேன்

கொளத்தூர்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு ஏழு வயது. ஐப்பசி மழை பிடித்தால் வீசிங் ஆரம்பிக்கும், போகிப் புகை அடங்கி மாசி பிறக்கும் வரை விடாது. ராத்திரி இருமல், விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். நீல பம்ப் (இன்ஹேலர்) கொடுத்தால் அடங்கிவிடும். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இப்போது எழுதக் காரணம் வேறு.

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் முந்திரி பர்ஃபி சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து அரிப்பு, வாந்தி. அப்புறம் குரல் கம்மிப்போய் மூச்சு வாங்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அலர்ஜிக்கு அவில், ஸ்டீராய்டு வகை டெக்ஸா என்று இரண்டு ஊசி போட்டு, மருந்தைப் புகை மாதிரி இழுக்க வைக்கும் நெபுலைசர் வைத்தார்கள். தேவலையானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மறுபடியும் அதே தடிப்பு, அதே மூச்சிரைப்பு. 108-இல் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், சீக்கிரமே சரியாகிவிட்டது. அட்ரினலினாம். முதல் தடவையே இதைப் போட்டிருக்கணும் என்றார் டியூட்டி டாக்டர்.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரிப் பிள்ளையை இனிமேல் ஸ்பெஷலிஸ்ட்டிடம்தான் காட்டணுமா? தெருமுனையில் இருக்கும் டாக்டரால் இதைச் சமாளிக்க முடியுமா, முடியாதா?

செம்பியம்_எம்பிபிஎஸ்:

அம்மா, வடசென்னையில் கிளினிக் வைத்திருக்கும் சாதாரண ஃபேமிலி டாக்டர் நான். உங்கள் கேள்வி என்னைப் போன்றவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, அதனால் நானே முதலில் பதில் சொல்கிறேன். முடியும். முடிந்தே ஆகணும். ஏனென்றால் முதல் பத்து நிமிடத்தில் உங்கள் பிள்ளை இருக்கப்போவது எங்களிடம்தான், ஸ்பெஷலிஸ்ட்டிடம் இல்லை.

நீங்கள் சொன்னது வெறும் ஃபுட் அலர்ஜி இல்லை, அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. தோலில் தடிப்போடு மூச்சிரைப்போ, குரல் மாற்றமோ, தலைசுற்றலோ, அடங்காத வாந்தி வயிற்றுவலியோ சேர்ந்து திடீரென்று வந்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்ளணும். சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமல் நேராகப் பிரஷர் விழும், அதுவும் உண்டு. இதற்கு முதல் மருந்து அட்ரினலின். இரண்டாவது மருந்தும் தேவைப்பட்டால் அட்ரினலின்தான். அவில் அரிப்பைத் தணிக்கும், ஆனால் அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த பிரஷரைத் தூக்காது. டெக்ஸா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கு ஆகும். தமிழ்நாடு முழுக்க எந்த கிளினிக்கில் கேட்டாலும் அலர்ஜி என்றால் கை தானாக அவிலுக்கும் டெக்ஸாவுக்கும் போகிறது. அந்தப் பழக்கம்தான் மாறணும்.

அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்ப்யூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) என்றால் 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி. பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லி. தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போடணும். நாங்கள் படித்த காலத்தில் தோலுக்கடியில் போடச் சொல்லித்தந்தார்கள், இன்னும் சிலர் அப்படியே செய்கிறார்கள். 1998-இல் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், தொடைத் தசையில் போட்டால் சராசரியாக 8 நிமிடத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போனது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு அந்த இடைவெளி ரொம்பப் பெரியது. கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு டோஸ் போடலாம்.

ராத்திரி திரும்ப வந்ததே, அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான். முதல் அலை அடங்கின பிறகு பல மணி நேரம் கழித்துக்கூட இரண்டாவது அலை வரலாம். தேவலையானதும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கணும். உங்கள் பையனைப் போல ஆஸ்துமா உள்ளவர்களை இன்னும் கூடுதல் நேரம் வைத்திருப்பது நல்லது.

மணலி_தம்பி:

டாக்டர் சார், ஒரு சந்தேகம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. குளவி கொட்டினால் முகமெல்லாம் வீங்கும். அட்ரினலின் ஹார்ட்டுக்கு ஆகாது, அவருக்குப் போடவே கூடாது என்று ஒருவர் சொன்னார். படபடப்பு வந்து ஏதாவது ஆகிவிட்டால்?

செம்பியம்_எம்பிபிஎஸ்:

நியாயமான பயம் தம்பி. படபடப்பு வரும், கை நடுங்கும், முகம் வெளிறும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆபத்தாகப் போன சம்பவங்கள் பெரும்பாலும் நரம்பில் வேகமாக ஏற்றியதால் வந்தவை. தொடைத் தசையில் சரியான அளவு போடுவது அப்படியில்லை. அனஃபிலாக்சிஸ் வந்துவிட்டால், இதய நோயாளி என்பதற்காக அட்ரினலினைத் தள்ளிப்போடக்கூடாது. பிரஷர் விழுந்தால் அந்த ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கே ரத்தம் போகாது.

அப்பா பீட்டா பிளாக்கர் என்ற இதய, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகை. சாப்பிட்டால் அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம், அப்போது குளுக்ககான் என்ற மருந்து தேவைப்படும். அதனால் மாத்திரைச் சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னொன்றும் முக்கியம். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது, திடீரென்று எழுந்து நின்றதாலேயே போனவர்கள் உண்டு. மூச்சிரைப்புதான் அதிகம் என்றால் மட்டும் உட்கார வைக்கலாம்.

நகர்ப்புற_நர்ஸ்:

கொளத்தூர் அக்கா, நான் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காருங்கள் என்று சொன்னால் நிறையத் தாய்மார்கள் சலித்துக்கொள்வார்கள். நாங்கள் உட்காரச் சொல்வதே இந்த அனஃபிலாக்சிஸுக்காகத்தான். தடுப்பூசி போடும் இடத்தில் அதற்கென்று ஒரு கிட் இருக்கணும். அட்ரினலின் ஆம்ப்யூல், ஊசி, வயதுக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டை, எல்லாம் அதில் இருக்கும். வாரா வாரம் எடுத்துத் தேதி பார்ப்போம். மருந்து நிறம் மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். அதில் இன்சுலின் ஊசியை வைக்க மாட்டோம். அதன் முனை குட்டை, தசை வரைக்கும் போகாது.

விலை ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு டீ, வடை செலவுக்குள் வருகிற ஆம்ப்யூல் இது. தடுப்பூசி கிட்டில் இருப்பது எல்லாத் தனியார் கிளினிக் மேஜை டிராயரிலும் இருக்கலாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது தயங்காமல் கேளுங்கள், "சார், அட்ரினலின் வைத்திருக்கிறீர்களா, தேதி பார்த்தீர்களா" என்று. கேட்டால் தப்பில்லை.

அப்புறம் பம்ப் விஷயம். பையனுக்கு ஸ்பேசர் (பம்ப்பில் மாட்டுகிற குழாய்) வைத்துத்தானே கொடுக்கிறீர்கள்? எங்களிடம் வருகிறவர்களில் பலர் பம்ப்பை வாய்க்கு நேரே வைத்து, வாசனை சென்ட் அடிக்கிற வேகத்தில் இரண்டு தடவை தொடர்ந்து அடிப்பார்கள். மருந்தில் பாதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். நான் உட்கார வைத்துக் காட்டுவது இப்படி: பம்ப்பைக் குலுக்கி ஸ்பேசரின் பின்னால் செருகணும். வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை இறுக்கி மூடணும். ஒரே ஒரு தடவை அமுக்கணும். அமுக்கின பிறகு நிதானமாக ஐந்து தடவை மூச்சை இழுத்து விடணும், உள்ளே வால்வு டக் டக்கென்று அசையும். முப்பது விநாடி விட்டு மறுபடி குலுக்கி அடுத்தது. சின்னக் குழந்தை என்றால் மாஸ்க் மூக்கோடு வாயோடு நன்றாகப் பொருந்தணும், அழுதுகொண்டிருக்கும்போது கொடுத்தால் உள்ளே சரியாகப் போகாது. ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

செம்பியம்_எம்பிபிஎஸ்:

நன்றி சிஸ்டர். இதை ஒட்டி ஒன்று கேட்கணும். அம்மா, பையனுக்கு நீல பம்ப் மட்டும்தானா? தினமும் எடுக்கிற பம்ப் எதுவும் இல்லையா?

கொளத்தூர்_அம்மா:

நீலம் மட்டும்தான் டாக்டர். ஸ்பேசர் இருக்கிறது. சீசனில் மாதத்துக்கு ஒன்று தீர்ந்துவிடும். தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு பம்ப் ஒன்று ஒருமுறை எழுதிக்கொடுத்தார்கள். வளர்ச்சி நின்றுவிடும், பம்ப்புக்கு அடிமையாகிவிடுவான் என்று மாமியார் வேண்டாம் என்றுவிட்டார்.

செம்பியம்_எம்பிபிஎஸ்:

அம்மா, முந்திரியைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலை. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கிற அழற்சி. நீல பம்ப்பில் உள்ள சால்பூட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. வருடத்துக்கு மூன்று நீல பம்ப் அல்லது அதற்கு மேல் தீர்ந்தாலே பெரிய அட்டாக் வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று என்ற கணக்கில் போனால் உயிராபத்தே கூடுகிறது. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜீனா, பன்னிரண்டு வயதுக்கு மேல் யாருக்கும் நீல பம்ப் மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்காதீர்கள் என்று 2019-இலேயே சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கும் இத்தனை தூரம் போனால் ஸ்டீராய்டு பம்ப் தேவை.

மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். பம்ப்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. தினமும் எடுக்கிற பிள்ளைகளின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்ன வித்தியாசம் வரலாம், அது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் குறைக்கும். ஒவ்வொரு அட்டாக்குக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்கப் போகும். தினமும் பல் தேய்ப்பது மாதிரிதான் இந்தப் பம்ப்பும். வேண்டுமானால் பல் தேய்க்கிறதுக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், வாய் கொப்பளிக்கிற வேலையும் அதோடு முடிந்துவிடும், வாய்ப்புண் வராது.

முகப்பேர்_மெடிக்கல்ஸ்:

மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சீட்டே இல்லாமல் வந்து வீசிங்குக்கு நாலு மாத்திரை கொடுங்க என்று கேட்பவர்கள் தினமும் உண்டு. பெட்னிசால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் வீசிங்குக்கான டெரிபிலினும் சேர்த்து வாங்கி வருடக்கணக்காகச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து வருவார்கள். அவர்களே பம்ப் என்றால் பயப்படுவார்கள். எந்தக் கடையும் அந்தச் செட் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, நான் தருவதில்லை.

ரோட்டாகேப் (மெஷினில் போட்டு உறிஞ்சுகிற பொடி மருந்துக் கேப்ஸ்யூல்) வாங்குகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, கேட்கவே இல்லையே தம்பி என்று வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். யாரும் மெஷினில் போட்டுக் காட்டவில்லை. சென்னை ஈரத்துக்கு அது சீக்கிரம் பிசுபிசுத்துவிடும், டப்பாவை இறுக மூடி வையுங்கள், எடுக்கும் நேரத்தில் மட்டும் ஒன்றை வெளியே எடுங்கள். சின்னப் பிள்ளைகளால் அதை வேகமாக உறிஞ்ச முடியாது, அவர்களுக்கு ஸ்பேசர்தான்.

மாண்டேலுகாஸ்ட் கலந்த சளி மாத்திரையை எல்லாரும் சாதாரணமாக வாங்கிப் போகிறார்கள். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடுமையான எச்சரிக்கை போட்டது. பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரும்பாக்கம்_ஆசிரியர் (ஓய்வு):

எனக்கு நாற்பது வருடமாக இளைப்பு. ஜூன் மாதம் மிருகசீரிஷத்துக்கு ஹைதராபாத் போய், இளைப்புக்கு மருந்தென்று கொடுக்கிற உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கியவன் நான். ஆடாதோடைக் குடிநீரும் எடுக்கிறேன். சளி இளகுகிறது, அதை அனுபவத்தில் சொல்கிறேன். பம்ப் வந்த பிறகு இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா?

செம்பியம்_எம்பிபிஎஸ்:

ஐயா, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தே செய்தார்கள். உங்கள் அனுபவம் பொய்யில்லை. சித்த மருத்துவரிடம் காட்டி எடுக்கிறீர்கள் என்றால் எடுங்கள், என்னிடமும் சொல்லிவிடுங்கள். பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். மீன் மருந்து ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உயிருள்ள மீன் தொண்டையில் சிக்கினால், ஏற்கெனவே மூச்சு குறைந்தவருக்கு அது பேராபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எடுத்தால் இளைப்பு கூடுகிறதா என்று கவனியுங்கள், சிலருக்குக் கூடும். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுகிறீர்கள் என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணில் விடும் சொட்டுக்கூட மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

பெருங்குடி_வாசி:

2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்தபோது எங்கள் தெருவில் பம்ப் இல்லாதவர்கள்கூட இருமினார்கள். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறின. வெளியில் வருகிற புகையை நம்மால் நிறுத்த முடியாது, வீட்டுக்குள் நாமே போடுகிற புகையை நிறுத்தலாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. எங்கள் வீட்டில் சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மா இப்போது மொட்டை மாடியில் போடுகிறார். பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பதும், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும் பிள்ளைகளுக்கு நல்ல வித்தியாசம் காட்டியது.

ஹவுஸ்சர்ஜன்_கேகே நகர்:

கிளினிக்குகள் அட்ரினலின் போடத் தயங்குவதற்கு மருந்து தெரியாதது மட்டும் காரணம் இல்லை. ஊசி போட்ட பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அலர்ஜியால் ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இந்த டாக்டர் போட்ட ஊசியால் ஆனது என்பார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர் முன்னால் பத்துப் பேர் கூடிவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பாதுகாப்பு என்று நினைத்து அவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போகிற வழியில் அண்ணா சாலை டிராஃபிக்கில் பிள்ளை துவண்டுவிடுகிறது. பெற்றோர்களுக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால், "டாக்டர், அட்ரினலின் போடுங்கள், நாங்கள் சம்மதிக்கிறோம்" என்று அவர்களே சொன்னால், அந்த ஒரு வார்த்தை டாக்டருக்கு எவ்வளவு தைரியம் கொடுக்கும் தெரியுமா? இந்த இழையை உங்கள் அபார்ட்மென்ட் குழுவில் எல்லாம் போடுங்கள்.

கொளத்தூர்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன், நாளைக்கு டாக்டரிடம் தானும் வருகிறேன் என்கிறார். இரண்டு சந்தேகம் பாக்கி. ஒரு லேபில் நூற்றுக்கணக்கான உணவுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்களாம், எடுக்கலாமா? பள்ளிக்கூடத்தில் வைத்து வந்தால் என்ன செய்வது? சினிமாவில் காட்டுகிற அந்த அட்ரினலின் பேனா ஊசி இங்கே கிடைக்குமா?

செம்பியம்_எம்பிபிஎஸ்:

அந்தப் பெரிய பேக்கேஜ் வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதும், சாப்பிட்டால் அலர்ஜி வரும் என்பதும் ஒன்றில்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பையனுக்குச் சந்தேகம் முந்திரி மேல். முந்திரிக்கும் அதன் நெருங்கிய உறவான பிஸ்தாவுக்கும் மட்டும் பார்க்கச் சொல்லலாம். அதற்காக ஒரு முறை அலர்ஜி பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் விசாரியுங்கள். அதுவரை இரண்டும் வேண்டாம். குருமா, பாயசம், கேசரி, ஸ்வீட் கடை எல்லாவற்றிலும் முந்திரி அரைத்தோ வறுத்தோ இருக்கும், கேட்டுத்தான் கொடுக்கணும்.

பேனா ஊசி இங்கே கடையில் சுலபமாகக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் உண்டு, விலை அதிகம். மூக்கில் அடிக்கிற அட்ரினலின் ஸ்பிரேவுக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, நம் ஊருக்கும் பரவலாக வந்தால் நல்லது. இப்போதைக்கு ஆம்ப்யூலும் சரியான ஊசியும் வீட்டில் வைத்து, அளவைக் கோடு போட்டுக் காட்டி, பெற்றோரைப் பழக்கிவிடுவது ஒரு வழி. உங்கள் டாக்டர் நேரில் கற்றுக்கொடுத்தால் மட்டும் அதைச் செய்யுங்கள், இணையத்தில் பார்த்து வேண்டாம்.

மாதவரம்_டீச்சர்:

பள்ளிக்கூடத்துக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. எங்கள் வகுப்பில் ஒரு பாப்பாவுக்கு அவள் அம்மா எழுதிக்கொடுத்த காகிதம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கும். மேலே போட்டோ, வேர்க்கடலை ஆகாது என்று பெரிய எழுத்தில். கீழே டாக்டர் கையெழுத்தோடு: வீசிங் மட்டும் என்றால் ஸ்பேசரில் நீல பம்ப் நாலு தடவை, ஒவ்வொன்றாக. இருபது நிமிடத்தில் தேறவில்லை என்றாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை என்றாலோ, கழுத்துக்குழி உள்ளே இழுத்தாலோ 108. கடலை தின்ற பிறகு தடிப்போடு இருமலோ வாந்தியோ வந்தால் காத்திருக்காமல் உடனே 108, போனில் அனஃபிலாக்சிஸ் என்ற வார்த்தையைச் சொல்லணும். பக்கத்தில் அட்ரினலின் வைத்திருக்கும் கிளினிக்கின் பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருக்கிறது, அந்த அம்மா நேரில் போய் விசாரித்து எழுதியது.

பம்ப்பும் ஸ்பேசரும் ஆபீஸ் ரூமில் பூட்டி வைக்கக்கூடாது, வகுப்பிலேயே இருக்கணும், பி.டி. பீரியடுக்கு மைதானத்துக்கும் போகணும். சத்துணவு அக்காவுக்கும் பி.டி. சாருக்கும் ஒரு நகல் கொடுங்கள். பையனின் பிறந்தநாளுக்கு வகுப்பில் சாக்லேட் கொடுப்பார்கள் இல்லையா, மற்ற பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் கொடுப்பார்கள். அந்த நாட்களுக்கென்று பாப்பாவின் அம்மா என்னிடம் ஒரு டப்பா மிட்டாய் கொடுத்தது மாதிரி, உங்கள் பையனுக்கு ஒத்துக்கொள்கிற மிட்டாயை அவன் டீச்சரிடம் கொடுத்து வையுங்கள். காகிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், பெயரை மறைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.